மிச்சம்

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது அண்ணனின் ஷெட். உடன்பிறந்த அண்ணன் இல்லை. ஐடிஐ படித்துவிட்டு முப்பது வருடமாக எஞ்சின் பிரித்துச் சேர்க்கிறவர். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அண்ணன். நான் சேலையூர்வாசி, ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் அவர் ஷெட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினிக்குள் சில அட்டவணைகள் இருக்கும்: இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு பெட்ரோல், இந்த வேகத்தில் இந்த நொடியில் தீப்பொறி. அவற்றைப் படிப்பதும் திருத்துவதும் என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டேதான் நான் சொல்லப்போகும் காரியத்தையும் செய்தேன்.

2021இல் ஒரு ஃபோர்டு மஸ்டாங் வந்தது. ஷெட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், மறைமலை நகரில், ஃபோர்டு தொழிற்சாலை அப்போது மூடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் மஸ்டாங் அங்கே பிறந்த வண்டி இல்லை. 2016இல் இருந்து அமெரிக்காவில் செய்து முழு வண்டியாகவே இங்கே இறக்கினார்கள். ஐந்து லிட்டர் வி8, சுமார் 400 குதிரைத்திறன். சாருக்கு அது போதவில்லை. (வண்டிக்காரரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.) பெருங்களத்தூரில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு நிற்கிற வண்டிக்கு நானூறு குதிரை போதாது என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் வாங்கிய புத்தகங்களில் பாதியைப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கும் நான் அவரைக் கேலி செய்ய முடியாது. பயன்படுத்துவதற்காக மட்டுமா ஒன்றை வைத்துக்கொள்கிறோம்?

சார் கொண்டுவந்தது ஒரு சூப்பர்சார்ஜர். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர் பெல்ட் வழியாக எஞ்சினின் சுழற்சியையே கடன் வாங்கி, அந்தக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். இந்த அமைப்பின் மூதாதை காருக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கிய காற்றூதி அது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்தது. காருக்கு வந்தபிறகு அதன் கணக்கு விசித்திரமானது. தன்னைச் சுழற்றுவதற்கே சில பத்துக் குதிரைகளைத் தின்றுவிட்டு, நூறு நூற்றைம்பதாகத் திருப்பித் தரும்.

காற்றுக்குக் காசு இல்லை. அதுதான் சிக்கலின் ஆரம்பம். கூடுதலாக நுழைகிற ஒவ்வொரு கிராம் காற்றுக்கும் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதைத் தெளிக்கப் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். இன்ஜெக்டருக்குத் தள்ளிவிட வலுவான பம்ப் வேண்டும். பெட்ரோல் போதாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நடப்பது வேறு. அழுத்தும்போதே காற்று சூடேறும். இன்டர்கூலர் இல்லையென்றால் நம்ம ஊர் மே மாதத்தில் அது நூறு டிகிரியை ஒட்டி நிற்கும். முழு ஆக்சிலரேட்டரில் தேவைக்கு மேலேயே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவார்கள், அது எரிவதற்காக அல்ல, ஆவியாகி உள்ளே குளிர்ச்சி தருவதற்காக. அது குறைந்தால் தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே கலவை அங்கங்கே தானாக வெடிக்கும். சுத்தியலால் அடித்தது மாதிரி பிஸ்டன் உடையும். சில நொடிகள் போதும். அதுவரை வண்டி முன்னெப்போதையும் விட அருமையாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

பெட்டிகளைப் பிரித்தோம். சூப்பர்சார்ஜர் இருந்தது, இன்டர்கூலர் இருந்தது, பெரிய இன்ஜெக்டர்கள் எட்டும் இருந்தன. பம்ப் இல்லை. வெளிநாட்டில் யாரோ கழற்றிய செட்டை சார் வாங்கியிருந்தார். புது பம்ப் தருவிக்கத் தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. "அதை அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல சத்தத்தைக் கேப்போம்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

போட்டேன். அதிகாலை ஐந்து மணிக்கு வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, லாகை எடுத்துக்கொண்டு திரும்பினோம். (பொதுச் சாலையில் செய்திருக்கக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, காசு கொடுத்தால் ஓட்டலாம். நாங்கள் கொடுக்கவில்லை.) 6,500 ஆர்பிஎம் வரை எல்லாம் நேராக இருந்தது. 6,800இல் பெட்ரோல் அழுத்தக் கோடு லேசாகத் தலையைத் தொங்கப்போட்டது. பம்ப் தன் முழு வலுவில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் அதனிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் கலவை பாதுகாப்பான எண்ணில்தான் நின்றது. ஆக, ஓட்டலாம். நல்ல பெட்ரோல் மட்டும், குளிர்ந்த வேளை மட்டும், மே மாத மத்தியானத்தில் மிதிக்கக் கூடாது. மூன்று பேரும் பேசி ஒப்புக்கொண்டோம். எதையும் எழுதி வைக்கவில்லை.

எஞ்சினைச் செய்தவர் எதற்கு அவ்வளவு மிச்சம் விட்டிருந்தார் என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் வந்தது. 400 குதிரைக்குச் செய்த பம்ப் ஏன் கூடுதலாக நூற்றுச் சொச்சம் குதிரைக்கும் மூச்சுப் பிடித்து ஈடுகொடுக்கிறது? டியூனிங் உலகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு: கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி, வண்டியின் திறமையைப் பூட்டி வைத்திருக்கிறான், நாம் திறந்துவிடுகிறோம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் என் பிழைப்பிலேயே இதே வாதத்தைக் கேட்டு எரிச்சல் அடைந்தும் இருக்கிறேன். சர்வர்கள் பாதித் திறனில்தான் ஓடுகின்றன, மீதி எதற்குச் சும்மா நிற்கிறது என்று கணக்குப் பிரிவு கேட்கும். தீபாவளித் தள்ளுபடி ராத்திரிக்கு என்போம். தீபாவளி முடிந்ததும் மறுபடி கேட்பார்கள்.

தொழிற்சாலைப் பொறியாளருக்கு வண்டியை ஓட்டப் போகிறவரைத் தெரியாது. அவர் கற்பனையில் ஒரு ஆள் இருக்கிறான். ஃபில்டர் மாற்ற மாட்டான், ஆயில் தேதியை மறப்பான், ஹைவேயில் எந்த பங்க்கில் எது கிடைத்தாலும் ஊற்றுவான், ஜூன் மாத ராஜஸ்தானில் ஏசியைப் போட்டுக்கொண்டு மலை ஏறுவான். நாங்கள் மென்பொருளில் அவனை முட்டாள் பயனர் என்று கிண்டலடிப்போம். உண்மையில் அவன் பெயரைச் சொல்லித்தான் நம் எல்லாருக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. ஏதோ ஒரு நாளில் எல்லாருமே அவன்தான். அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். யாருக்கு என்று கேட்டால், "யாராச்சும் வந்தா?" யாரும் வராத நாட்கள்தான் அதிகம். அதனால் அந்தப் பிடி வீண் என்று ஆகிவிடுமா?

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிச்சத்துக்கு விலை உண்டு. எடை, பணம், உலோகம். தெரிந்தவன் தெரிந்தே அதைச் செலவழித்தால் அதில் தப்பு என்ன? 1930ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டிம் பிர்கின் சூப்பர்சார்ஜர் பூட்டிய பென்ட்லியோடு வந்தார். அந்தக் கம்பெனியை நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அந்தக் கருவி பிடிக்காது. சக்தி வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. பிர்கின் அவரைப் புறந்தள்ளி, டோரதி பேஜெட் என்ற செல்வந்தரின் பணத்தில் தன் வழியே போனார். கரச்சியோலாவின் மெர்சிடஸைத் துரத்து துரத்தென்று துரத்தினார். கடைசியில் மெர்சிடஸும் நின்றுபோனது, பிர்கினின் வண்டியும் நின்றுபோனது. சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய பென்ட்லி ஜெயித்தது. இதை டபிள்யூ. ஓ.வுக்குக் கிடைத்த வெற்றியாகச் சொல்வது வழக்கம். எனக்கு பிர்கின் மேல் வருத்தமே இல்லை. கைப்பிடித்தவர் அவர், உடையப்போவது அவர் ஏறியிருக்கும் வண்டி, அது அவருக்குத் தெரியும். பந்தயத் தடத்துக்குள் வருகிற எல்லாருக்குமே மிச்சம் காலி என்பது தெரியும்.

சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்துத் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வந்தது. சட்டம் கேட்பது ஆர்சி புத்தகமும் வண்டியும் பொருந்துகிறதா என்பதை. அந்தக் கணக்கில் நாங்கள் முதல் நாளே குற்றவாளிகள்தான், மறுக்கவில்லை. என்னை உறுத்துவது அதற்கடுத்த இடம். திருக்குறளின் மயிலிறகு வண்டி சிலருக்கு நினைவுக்கு வரலாம். அது சுமையின் அளவைப் பற்றியது. அச்சு இன்னொருவர் கைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

2021இல் பங்க்கில் ஊற்றியதில் எத்தனால் அதிகம் போனால் பத்து சதவீதம். 2022 ஜூனில் நாடு முழுக்கப் பத்து சதவீத இலக்கை எட்டியதாக அரசு அறிவித்தது; 2025இல் இருபது. எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அது அதிகமாக வேண்டும். சுத்த பெட்ரோல் ஒரு கிலோவுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு ஒன்பதுதான். பத்திலிருந்து இருபதுக்கு மாறும்போது நாலு சதவீதம் போல எரிபொருள் கூடுதலாகத் தள்ள வேண்டும். கம்பெனி வண்டியில் பெரும்பாலும் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. சென்சார் பார்த்துக்கொள்ளும், பம்ப்பில் இடம் இருக்கும். யாராச்சும் வந்தால் என்று போட்ட பிடி அரிசி அது, வந்தவர் எத்தனால். எங்கள் வண்டியில் அந்த அரிசியை நாங்கள் ஏற்கனவே தின்றுவிட்டோம். கணினி கூடுதலாகக் கேட்கும், பம்ப்பிடம் இருக்காது. எத்தனால் முன்வெடிப்பைத் தாங்கும் குணமுள்ளது, அது ஒரு ஆறுதல். ஆனால் வராத எரிபொருளுக்கு அது ஈடாகாது.

பங்க்கில் இ20 ஸ்டிக்கரைப் பார்த்த வாரமே இந்தக் கணக்கைப் போட்டு சாரிடம் சொல்லிவிட்டேன். "நான் எங்க ஓட்டறேன், கவர் போட்டுத்தான் நிக்குது" என்றார். சரிதான்.

2025 ஆகஸ்ட்டில் அவர் வண்டியை விற்றார். வாங்க வந்தவர் மேடவாக்கத்துப் பையன், முப்பது கூட இருக்காது. ஷெட்டில் வைத்துத்தான் காட்டினார்கள். அவன் பானெட்டைத் திறந்து அந்தக் கருவியைக் கோயில் கர்ப்பக்கிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். அப்புறம் என்னிடம் திரும்பி, "நீங்கதானே டியூன் பண்ணது? ஏதாச்சும் பிராப்ளம் இருக்காண்ணா?" என்றான். சார் பக்கத்தில் நின்றார். அண்ணன் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லா இருக்கு" என்றேன்.

பொய் இல்லை. அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் இருந்தது. மூன்று பேர் வாயால் பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் அந்த வாக்கியத்துக்குள் இருந்தன. அவனுக்குக் கேட்டது நாலு வார்த்தைகூட இல்லை. பேரத்தைக் கெடுக்கக் கூடாது, பெரிய மனிதர் முன்னால் பேசக் கூடாது, அண்ணனுக்கு அதில் ஒரு தொகை வரும். எல்லாம் சேர்ந்து என் வாயைப் பிடித்தன. தொழிற்சாலைப் பொறியாளர் முகம் தெரியாதவனுக்காக விட்டு வைத்த மிச்சத்தை, எதிரே நின்று கேட்கிறவனிடம் காலி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஆயில் மாத்த வருவான்ல. அப்போ மேல கொஞ்சம் குறைச்சு விட்டுடு. 5,500க்கு மேல போகாத மாதிரி. அவனுக்குத் தெரியவே தெரியாது."

இது என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை. அவர் சொன்னதில் கருணை இருந்தது. கம்பெனியும் இதைத்தானே செய்தது? யாரிடமும் சொல்லாமல் மிச்சம் வைத்தது. ராத்திரியோடு ராத்திரியாக நம் ஃபோனில் அப்டேட் போடுகிற என் துறையும் தினமும் இதைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். கம்பெனி வைத்த மிச்சம் அவன் வாங்கிய பொருளோடு வந்தது. நான் எடுக்கப்போவது அவன் காசு கொடுத்து வாங்கிய ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம். அதுவும் அவன் வண்டியைக் காப்பாற்றுவதற்காக மட்டுமில்லை, நான் அன்றைக்கு வாய் மூடியிருந்ததை மறைப்பதற்காகவும்தான். முதல் தப்பு அவனுக்குத் தெரியாமல் நடந்தது, பரிகாரமும் அவனுக்குத் தெரியாமலே நடந்தால் எனக்கு ரொம்ப வசதி. அந்த வசதிதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஃபோன் பண்ணி வரச் சொன்னேன். 2021இன் லாகையும், அன்று புதிதாக எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோடு எங்கே தலை தொங்குகிறது, அது நாலு வருடத்தில் எவ்வளவு கீழே, எவ்வளவு முன்னாலேயே வந்துவிட்டது, எதனால் என்று. அவன் ரொம்ப நேரம் திரையையே பார்த்தான். பிஸ்டனைப் பற்றியோ பம்ப் விலையைப் பற்றியோ கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாண்ணா?"

"தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அண்ணன் டீ சொல்லப் போனார், தேவையே இல்லாமல். ஏலகிரிக்குப் போன வாரம் நண்பர்களோடு போய்வந்ததாகச் சொன்னான். பின்சீட்டில் தங்கையும் இருந்தாளாம்.

பம்ப் ஆர்டர் போட்டாயிற்று, பாதிக் காசு என்னுடையது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் 5,500இல் வரம்பு இருக்கிறது. எண்ணை நான் அடிக்கவில்லை; லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, எந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டினேன். அவன் முதலில் 6,000 என்று அடித்தான், லாகை இன்னொரு தடவை பார்த்தான், அழித்துவிட்டு 5,500 போட்டான்.