புதைத்தவன்

பழைய பாரசீக வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பவர்கள் ‘நல்ல நிலை’ என்ற பதத்தை அடிக்கடி பிரயோகிக்கிறார்கள். தேயாதது, குத்துப்படாதது, அதிகம் கைமாறாதது என்று அர்த்தம். இந்தப் பதம் என்னை உறுத்துகிறது.

முதலாம் டேரியஸ் (கி.மு. 522–486) காலத்தில் தொடங்கிய சிக்ளோஸ் சுமார் ஐந்தரை கிராம் எடை. ஒரு பக்கம் வில்லேந்தி, முழந்தாளிட்டு ஓடும் பாவனையில் அரசன். மறுபக்கம் உளி பதிந்த பள்ளம். எழுத்தே கிடையாது. பல காசுகளில் சிறுசிறு முத்திரைக் குத்துகள் காணப்படுகின்றன. வெள்ளிதானா என்று பார்த்தவர்கள் இட்டவை என்று கருதப்படுகிறது. சேகரிப்பவனுக்கு அது ஊனம், விலை குறைகிறது. எனக்கோ, யாரோ ஒருவன் சந்தேகப்பட்டு, சோதித்து, பிறகு ஏற்றுக்கொண்டதன் சாட்சியாகப் படுகிறது. காசு காசாக வாழ்ந்ததே அந்தக் குத்தில்தான்.

குத்துப்படாத, தேயாத காசு எப்படி நம்மிடம் வந்தது? பெரும்பாலும் புதையலிலிருந்து. பானையில் போட்டுப் புதைத்தவன் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் எடுத்துச் செலவழித்திருப்பான். காசு தேய்ந்து, ஒருநாள் உருக்கப்பட்டிருக்கும். இரண்டாம் குஸ்ரோ (590–628) வெளியிட்ட திரம்மங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன: மெல்லிய தகடு, இறகு முளைத்த கிரீடம், பின்புறம் அக்னி பீடம், ஆட்சியாண்டு. அவன் இறந்து கால் நூற்றாண்டுக்குள், 651ல், மூன்றாம் யஸ்தகிர்த் மெர்வ் அருகே கொலையுண்டதோடு அந்த வம்சமே முடிந்தது. அப்படிப்பட்ட காலத்தில்தான் ஜனங்கள் காசைப் புதைக்கிறார்கள். நாம் ரசிக்கும் பளபளப்பு ஒருவன் திரும்பாததால் மிஞ்சியது.

‘அவன் சாவுக்கு நானா பொறுப்பு?’ என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் புதையலை உடைத்து ஒவ்வொரு காசாக விற்பதற்கு, வாங்குகிறவன் பொறுப்பு. மொத்தமாகக் கிடைத்தால், அதிலுள்ள கடைசிக் காசின் ஆண்டைக் கொண்டு அவன் எப்போது பயந்தான் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கலைந்த பிறகு அதுவும் போயிற்று. அவன் இரண்டாம் முறை காணாமல் போகிறான்.

எனக்கொன்று வாய்த்தால் குத்துப்பட்டதையே கேட்பேன் என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அதுவும் ஒரு தப்பித்தல். குத்துப்பட்ட காசும் அதே மாதிரி ஒரு பானைக்குள்தான் கிடந்திருக்கும்.