பிள்ளையின் கையைப் பிடியுங்கள்

அல்லைப்பிட்டி உறவுகளே, தீவகத்தாரே, கேளுங்கள். வீதியில் பிள்ளையின் கையைப் பிடிப்பது நாளைக்கென்று தள்ளிவைக்க முடியாத கடமை.

பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி கடந்து வரும் பெருவீதி நம் ஊரூடாகத்தான் போகிறது. ஊர்காவற்றுறை பஸ்ஸுக்கும் இதுதான் வழி. நயினாதீவு அம்மனிடம் போகிறவர்களின் வானுக்கும் இதுதான் வழி. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். சாரதி கண்டு, திடுக்கிட்டு, பிறேக்கில் கால் வைக்குமுன்னே அந்தத் தூரம் போய்விடும்.

சின்னப்பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வருகிற வாகனத்தின் வேகத்தை அளக்கும் பக்குவம் ஆறேழு வயதில் வருவதில்லை. நின்ற பஸ்ஸுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது அதன் உயரத்துக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் அம்மா நின்றால் அம்மா மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரிவாள். "ஓடாதை எண்டு சொன்னனான்" என்பது விடையாகாது. சொல்வதோடு கடமை முடியவில்லை. கூட நடந்தால்தான் முடியும்.

பெற்றோரே, விரலைக் கொடுக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். வாகனம் வரும் பக்கம் நீங்கள் நடவுங்கள். வலம் பார்த்து, இடம் பார்த்து, மறுபடி வலம் பார்த்துக் கடவுங்கள். பஸ் புறப்பட்டுப் போகும்வரை பொறுங்கள். வீதிக்கு அப்பால் நின்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். நீங்களே போய்க் கூட்டிவாருங்கள். ஏழு வயது அக்காவின் கையில் நாலு வயதுத் தம்பியை ஒப்படைக்காதீர்கள், அவளும் பிள்ளைதான்.

ஊரவரே, இது பெற்றோரின் பாரம் மட்டுமல்ல. 1990இலும் 2006இலும் போரால் இடம்பெயர்ந்த ஊர் இது. அன்று யாருடைய பிள்ளையென்று கேட்டா தூக்கிக்கொண்டு ஓடினோம்? இன்று மட்டும் ஏன் கேட்கிறோம்? கடை வாசலில் நிற்பவரே, எழும்புங்கள். சைக்கிளில் போகிறவரே, இறங்குங்கள். வீதியோரம் ஒரு பிள்ளை தனியே நின்றால், பக்கத்தில் நிற்கும் பெரியவரே அதற்குப் பொறுப்பு. சாரதிமாரே, பள்ளிக்கூடம் தொடங்கும் காலையிலும் விடும் மத்தியானத்திலும் வேகத்தைக் குறையுங்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் மன்னிப்புண்டு. ஓர் உயிர் போனால் மீட்சியில்லை.

அம்மன் சந்நிதியிலும் ஆண்டவர் சந்நிதியிலும் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பக்கத்தில் நின்ற நீ என்ன செய்தாய்? செத்த வீட்டில் அழுவது அதற்கு விடையாகாது. வளைவு கட்டி, படம் வைத்து, மலர்மாலை போடுவதும் விடையாகாது.

ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். உங்கள் பிள்ளையென்றாலும் பிடியுங்கள், ஊரார் பிள்ளையென்றாலும் பிடியுங்கள். அக்கரை சேரும்வரை அந்தக் கையை விடாதீர்கள்.