கொடுப்பது யாருடைய கை?

ஈகை நன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பகிர வேண்டிய பொருள் சிறிதாகவும் கேட்டு நிற்போர் பலராகவும் இருக்கும்போது, யாருக்கு ஆம் என்பது, யாருக்கு இல்லை என்பது? அம்முடிவை எடுக்கும் உரிமை யாருடையது? இரக்கம் மட்டுமே இக்கேள்விக்கு விடை தர இயலாது. இங்கே நீதியும் வந்து அமர வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிரயன் முலன்ஃபி என்னும் கத்தோலிக்கர் வாழ்ந்தார். நீதிபதியாகவும் நகர மேயராகவும் விளங்கியவர். 1845-இல் அந்நாட்டின் முதல் புனித வின்சென்ட் தே பவுல் சபை அந்நகரில் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். 1851-இல் அவர் இறந்தபோது, தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கு நோக்கிக் குடியேறச் செல்லும் வழியில் அந்நகரை வந்தடையும் ஏழைப் பயணிகளுக்கென எழுதிவைத்திருந்தார். நல்ல உள்ளம், நல்ல உயில். ஆனால் இருப்புப் பாதை வந்தது. கூண்டு வண்டிகளில் மேற்கே போனவர்களின் காலம் மறைந்தது. நகரில் வேறு ஏழைகள் இருந்தார்கள். உயிலோ பழைய ஏழைகளையே தேடிக்கொண்டிருந்தது.

இத்தகைய நிலையைத்தான் ‘இறந்தோரின் கை’ என்று சட்ட அறிஞர் குறிப்பிட்டனர். அறப்பொருளை அக்கையின் பிடியிலிருந்து விடுவிக்க வழி கண்டவர், கிளீவ்லாந்து நகர வங்கித் தலைவரான ஃபிரடெரிக் காஃப். 1914-இல் அவர் நிறுவியதே உலகின் முதல் சமூக அறக்கட்டளை. அன்றைய ஏற்பாட்டின்படி, பலர் விட்டுச்செல்லும் கொடைகள் ஒரே நிதியாகச் சேர்ந்தன; வங்கி முதலைக் காத்தது; வருவாயைப் பகிர்ந்தளிக்க ஐவர் குழு இருந்தது. அவருள் இருவரை வங்கியும், மற்ற மூவரை முறையே மேயரும், மத்திய நீதிமன்ற நீதிபதியும், உயில் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியும் நியமித்தனர். கொடையாளர் குறித்த நோக்கம் காலாவதியானால், அதனை மாற்றும் அதிகாரமும் குழுவுக்கு இருந்தது. பகிரத் தொடங்குமுன் நகரின் தேவைகளை அறியும் ஆய்வுகளையே இவ்வறக்கட்டளை முதலில் மேற்கொண்டது. 1915-இல் சிக்காகோவும் பாஸ்டனும் இவ்வழியைப் பின்பற்றின.

இன்று இத்தகைய அறக்கட்டளைகளில் நடைபெறும் முறை பெரும்பாலும் இதுவே: தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பிக்கின்றன, பணியாளர்கள் கணக்குகளைப் பார்வையிடுகின்றனர், சில இடங்களுக்கு நேரில் செல்கின்றனர், குழு கூடி முடிவெடுக்கிறது, பணம் பெற்றவர்கள் பின்னர் அறிக்கை தருகின்றனர். முகத்தாட்சணியத்துக்கும் சிபாரிசுக்கும் இடம் குறைகிறது. பொதுப்பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. இது பாராட்டத்தக்கதே.

ஆயினும் உயிருள்ள கைக்கும் ஒரு குருட்டுத்தன்மை உண்டு. விண்ணப்பப் படிவம் எழுதும் திறமையை அளக்கிறது. தேவையை அளக்க அதனால் முடிவதில்லை. எழுதுவதற்கென்றே ஆள் வைத்துள்ள பெரிய நிறுவனம் எளிதில் வெல்கிறது. தெருவோரம் கஞ்சி ஊற்றும் நான்கு பேருக்கு, தங்கள் பணியைப் பக்கங்களில் விளக்கத் தெரிவதில்லை. விளைவைக் காட்டுங்கள் என்று குழு கேட்கிறது. சாகும் தறுவாயில் உள்ளோரைப் பேணும் இல்லம் எந்த விளைவைக் காட்டும்? அங்கு வந்தவர் அனைவரும் இறந்துவிட்டனர் என்பதைத் தவிர, எண்ணிச் சொல்ல அதற்கு வேறென்ன இருக்கிறது?

இக்கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. எருசலேமில் நடந்த அன்றாடப் பந்தியில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அப்பந்தியில் கெட்ட எண்ணம் இருந்ததென்று நூல் சொல்லவில்லை. பார்வை எட்டவில்லை, அவ்வளவே. திருத்தூதர்கள் செய்தது என்ன? சபையே எழுவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றனர். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! முறையிட்டவர்களின் கையிலேயே பகிரும் கரண்டி தரப்பட்டது.

தேவையில் உள்ளோர் குழுவில் அமர்ந்தால் தம்மவர்க்கே கொடுத்துவிட மாட்டார்களா என்று சிலர் கேட்பர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் எருசலேமின் எபிரேயக் கைம்பெண்களும் அந்த எழுவரை நம்பித்தானே பந்தியில் அமர்ந்தனர்? நம்பிக்கை இருபுறமும் நடக்க வேண்டிய பாலம். அதே வேளையில் கண்மூடி நம்பவும் வேண்டியதில்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய நிதியில் எவரும் குறைகாணக் கூடாதென்று, சபைகள் தேர்ந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டவர் பவுலடியார்.

ஏழைக்குத் தேவையானதைத் தருகையில் நாம் நம்முடையதைக் கொடுப்பதில்லை, அவருக்குரியதையே திருப்பித் தருகிறோம் என்று கற்பித்தார் பாப்பிறை பெரிய கிரகோரியார். இதை ஏற்றுக்கொண்டால், பகிரும் குழுவினர் எவரும் வள்ளல்கள் அல்லர். பிறர் பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்கும் கண்காணிப்பாளர்களே. அப்போது மூன்று கடமைகள் தாமே புலப்படும். படிவத்தை நம்பியிராமல் நேரில் சென்று காண வேண்டும். பசியை அறிந்தவர்க்கு முடிவெடுக்கும் மேசையில் இடம் வேண்டும். மறுக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணமற்ற மறுப்பு கேட்டவரின் மாண்பைக் காயப்படுத்துகிறது.

கிளீவ்லாந்தின் கோடிகள் நம் பங்குகளில் இல்லை. ஆனால் வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியல் உண்டு; கல்விக்கென எவரோ விட்டுச்சென்ற சிறு நிதி உண்டு; கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை பெறுவோர் பட்டியலும் உண்டு. அப்பட்டியலை எழுத நாம் அமரும்போது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். அதை எழுதுவோருள் யார் இல்லை என்றும் கேட்போம். இருவர் இருவராக வீடு தேடிச் செல்லும் வின்சென்ட் சபையாரின் பழைய வழக்கத்தைப் புதுப்பிப்போம். தம் வீட்டுத் திண்ணையில் நம்மை அமர்த்தித் தம் நிலையைச் சொல்லும் ஏழையே, எந்தப் படிவமும் தராத உண்மையை நமக்குத் தருகிறார்.