தெரிந்தவர் வாங்கும் விலை

தர்மம் என்று சொன்னாலே நம்மில் பலருக்குக் குருக்ஷேத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். தேர், வில், சொந்தக்காரர்களுக்குள் சண்டை. நம்ம வாழ்க்கையில் தர்மசங்கடம் அவ்வளவு பெரிய வேஷம் கட்டிக்கொண்டு வருவதில்லை. சில நேரம் ஒரு ஐம்பது காசு நாணயத்தின் அளவில்தான் வரும். இந்தக் கட்டுரை அப்படி ஒரு ஐம்பது காசைப் பற்றியது.

கேள்வி இதுதான். ஒரு பொருளின் மதிப்பு எனக்குத் தெரியும். விற்பவருக்குத் தெரியாது. அவர் கேட்கும் விலையைக் கொடுத்து, பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா? பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை, வாயையே திறக்கவில்லை. இதில் தப்பு எங்கே இருக்கு?

நான் பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்கிறவன். “வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் அவன் தலையைக் கட்டிக்கிட்டு அழுவுற?” என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காசு நம்ம பேச்சை விட்டு இன்னும் போகவில்லை. தேக்கா நகைக்கடையில் அம்மா “எத்தனை சவரன்?” என்று கேட்கிறாரே, அந்தச் சவரன் ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்கக் காசின் பெயர். அதன் எடை ஏறக்குறைய 7.98 கிராம். அதனால்தான் நம் பவுன் கணக்கு 8 கிராமில் நிற்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் இன்றைக்கும் டாலரை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். 1903-இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் நிஜமாகவே வெள்ளிதான். அதை அச்சிட்டது லண்டன் இல்லை, பம்பாய் நாணயச்சாலை. அதில் ‘பி’ என்ற சின்ன எழுத்து இருக்கும். அரசர் தலை வெள்ளைக்காரருடையது, அச்சடித்த கை இந்தியக் கை, அதைக் கூலியாக வாங்கியவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. இந்தக் கதைக்காகத்தான் நான் சேர்க்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ருசி ‘ரகம்’ தேடுவதில்தான். ஒரே ஆண்டு, ஒரே நாணயம், ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். 1902-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டானியா உட்கார்ந்திருப்பாள், பின்னால் கடல் தெரியும். சில காசுகளில் அந்தக் கடல் கோடு வழக்கத்தைவிடக் கீழே இருக்கும். சேகரிப்பவர்கள் அதை ‘வற்றுக்கடல் பென்னி’ என்று தனியாகத் தேடுவார்கள். 1912-ஆம் ஆண்டுப் பென்னியில் தேதிக்குப் பக்கத்தில் ‘எச்’ என்று இருந்தால் அது பர்மிங்ஹாம் ஹீட்டன் ஆலையில் அச்சிட்டது. 1983-இல் இரண்டு பென்ஸ் நாணயங்கள் சிலவற்றில் பழைய அச்சைத் தவறுதலாகப் பயன்படுத்தி, ‘டூ பென்ஸ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘நியூ பென்ஸ்’ என்று வந்துவிட்டது. நம்ம பக்கத்தில், நான் சொன்ன 1903 டாலரிலேயே அந்த ‘பி’ குழிந்திருக்கிறதா, மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்ப்போம். 1920-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் ஐம்பது காசில் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கும். அபூர்வமாகச் சிலவற்றில் புள்ளிக்குப் பதிலாகச் சிலுவைக் குறி. புள்ளி சாதாரணம், சிலுவை கிடைப்பது கஷ்டம். விலை பல மடங்கு வித்தியாசப்படும்.

பார்த்தீங்களா? இந்த ஆட்டமே ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்பதில்தான் ஓடுகிறது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் தேடலே இல்லை.

சுங்கை ரோட்டில் பழைய பொருள் சந்தை இருந்த காலத்தில் இதற்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதைத் ‘திருடர் சந்தை’ என்றே சொல்வார்கள். தார்ப்பாயில் காசைக் கொட்டி வைத்திருப்பவரும் சாதாரண ஆள் இல்லை. நூறு காசு வாங்குவார், பத்தைத் தனியே எடுத்து வைப்பார், மிச்சத்தைக் கொட்டுவார். நாம் அதில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தால் அது நம் கண்ணுக்குக் கிடைத்த கூலி. அடுத்த வாரம் அவர் நம்மிடம் ஒரு சுமாரான காசை நல்ல விலைக்குத் தள்ளிவிடுவார். இரண்டு பேரும் தெரிந்தே இறங்கிய ஆட்டம். இதில் எனக்கு மனசு உறுத்தியதே இல்லை.

உறுத்தல் வேறு இடத்தில் வந்தது. ஃபேரர் பார்க்கில் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி. அவர் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய மைலோ டின் கிடைத்திருக்கிறது. நான் காசு சேர்ப்பது புளோக் முழுக்கத் தெரியும். பெக் கியோ சந்தையிலிருந்து திரும்பும்போது மின்தூக்கிப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இதெல்லாம் என்னப்பா பெறும்? நீயே பாத்து ஒரு வெல போட்டு எடுத்துக்க. வேற யார்ட்டயும் நான் காட்டல.”

டின்னில் பெரும்பாலும் சதுரமான மலாயா ஒரு காசுகள். நடுவில் மூன்று நான்கு ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளிக் காசுகள். அதில் ஒரு 1920 ஐம்பது காசு. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கீழே இருந்தது புள்ளி இல்லை.

அந்த நிமிஷத்தில் என் மூளை ஒரு வக்கீலைப் போல வேலை செய்தது. அது அடுக்கிய வாதங்களை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அவை மோசமான வாதங்கள் இல்லை.

முதல் வாதம்: அறிவு என்பதும் உழைப்புதான். இந்தக் குறியைப் பார்த்ததும் அடையாளம் காண எனக்குப் பல வருஷம் ஆனது. புத்தகம் வாங்கியிருக்கிறேன், கண்ணாடி வைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உழைப்புக்குப் பலன் வேண்டாமா? இரண்டாவது: பாட்டிக்கு இருபது வெள்ளி கொடுத்தாலே சந்தோஷப்படுவார். அவர் சந்தோஷம், நான் சந்தோஷம், யாருக்கு நஷ்டம்? மூன்றாவது: நான் வராமல் இருந்தால் அந்த டின் காராங் குனிக்காரரிடம் போயிருக்கும், காசு எடைக்குப் போயிருக்கும். நான் அதைக் காப்பாற்றுகிறேன் இல்லையா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் சிசரோ, கி.மு. 44-இல் தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு தானிய வியாபாரியைக் கொண்டுவருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். இவன் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது இவனுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? டயோஜினிஸ் என்ற தத்துவவாதி, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவர் மாணவர் ஆண்டிபேட்டர், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

அதே நூலில் வாங்குபவர் கதையும் ஒன்று உண்டு. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலம் வாங்கப் போனார். விற்பவர் விலை சொன்னார். “என் மதிப்பீட்டில் இது இதைவிட அதிகம் பெறும்” என்று சொல்லி, கேட்ட விலைக்கு மேல் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தாராம். இவர் நல்லவர் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் புத்திசாலி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிசரோவே குறிப்பிடுகிறார். நல்லவனும் புத்திசாலியும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று நாம் எப்போது முடிவு கட்டினோம் என்பதுதான் அவருடைய கவலை.

நம் பக்கம் வருவோம். மகாபாரதம் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்று ஒரு முனிவர் வருகிறார். அசையாமல் தவம் நின்றார், சடையில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போயின. “தர்மத்தை அடைந்துவிட்டேன்” என்று பெருமை வந்துவிட்டது. வாரணாசியில் இருக்கும் துலாதாரனுக்கு நீ ஈடாக மாட்டாய் என்று வானத்திலிருந்து ஒரு குரல். போய்ப் பார்த்தால் அவர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்! அந்தக் கடைக்காரர் முனிவருக்குத் தர்மம் சொல்லிக்கொடுக்கிறார்: என் தராசு எல்லா உயிருக்கும் சமமாக நிற்கிறது. காட்டில் போய்த் தேட வேண்டியதில்லை, கடையிலேயே தர்மம் நடக்கும் என்று நம் மரபு எப்போதோ சொல்லிவிட்டது. திருக்குறளும் நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் வாணிகத்தைப் பேசுகிறது. பிறர் பொருளையும் நம்முடையதைப் போலப் பார்ப்பதுதான் அங்கே அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்து என் வக்கீல் வாதங்களைப் பார்த்தேன். உழைப்புக்குக் கூலி உண்டு, சரி. ஆனால் கூலி என்பது வேறு, முழு வித்தியாசத்தையும் சுருட்டிக்கொள்வது வேறு. டாக்டர் படித்ததற்குக் கட்டணம் வாங்கலாம், நோயாளியின் வீட்டை எழுதி வாங்க முடியாது. பாட்டி சந்தோஷப்படுவார் என்பதும் உண்மை, ஆனால் அந்தச் சந்தோஷம் அவருக்கு விஷயம் தெரியாத வரைக்கும்தான் நிற்கும். பேத்தி நாளைக்குக் கைப்பேசியில் தேடிப் பார்த்தால் உடைந்துவிடும். காராங் குனிக்காரர் கதையும் நிற்காது. தண்ணீரில் விழுந்த பையை எடுத்ததற்காக அதில் இருப்பதெல்லாம் என்னுடையது ஆகிவிடுமா?

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று. சுங்கை ரோட்டு வியாபாரி என்னிடம் விலை சொல்வார். பாட்டி என்னிடம் விலை கேட்டார். “என்ன பெறும்?” என்று கேட்ட அந்த நொடியிலேயே நான் வாங்குபவன் மட்டும் இல்லை, அவருக்கு ஆலோசகனும் ஆகிவிட்டேன். அதற்குமேல் ‘நான் சும்மா இருந்தேன்’ என்று சொல்ல முடியாது. இருபது வெள்ளி என்று நான் சொன்னால் அது மௌனம் இல்லை, பொய்.

சொன்னேன். “பாட்டி, இந்த ஒண்ணு மட்டும் வேற மாதிரி. நிஜமான ரகமானு ஒரு தடவ சோதிச்சுப் பாக்கணும், ஆனா நிறைய பெறும். என்னால இவ்வளவுதான் குடுக்க முடியும், ஏலத்துல விட்டா இன்னும் கூட வரலாம்.” அவர் என்னையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்றார். கடைசியில் வேறொரு சேகரிப்பாளர் என்னைவிட அதிகம் கொடுத்து வாங்கிப் போனார். என் ஆல்பத்தில் அந்தக் குழி இன்னும் காலியாகத்தான் இருக்கு. உண்மையைச் சொன்னால் அடுத்த வாரமே அதைவிட நல்ல காசு கிடைக்கும் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கு. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ‘பார், நான் எவ்வளவு நேர்மை’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். ஜாஜலி சடையில் பறவைக் கூடு வைத்துக்கொண்டு கேட்ட அதே குரல். துலாதாரன் தன் நேர்மையைப் பெரிய சாதனையாக நினைக்கவில்லை. தராசு சரியாக நிற்பது தராசின் வேலை, அவ்வளவுதான்.

நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் மூன்று. எதிரில் இருப்பவர் அதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால், என் கண்ணையும் அவர் கண்ணையும் நம்பி ஆடுவேன். தொழில் தெரியாதவர் என்றால், முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுவேன். நியாயமான லாபம் கேட்பேன், அதில் வெட்கமில்லை. என்னை நம்பிக் கேட்பவர் யாராக இருந்தாலும், வியாபாரியே ஆனாலும், தெரிந்ததைச் சொல்வேன். நடுவில் வரும் சிக்கலான ஆட்களும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குப் பழைய பொருள் விற்கும் முதியவர் வியாபாரியா, ஒன்றும் தெரியாதவரா? அங்கே என் பதில் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. இப்போதைக்குக் கூடக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் காசு சேர்க்காதவராக இருக்கலாம். ஆனால் இன்னும் சில வருஷத்தில் உங்களில் ஒருவர் காப்புறுதி முகவர் ஆவார், ஒருவர் வீட்டு முகவர், ஒருவர் கணினி பழுது பார்ப்பவர், ஒருவர் மருத்துவர். எல்லா வேலையிலும் மேசைக்கு இந்தப் பக்கம் தெரிந்தவர், அந்தப் பக்கம் தெரியாதவர். அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம் பாட்டி மாதிரி ஒருவர்தான். “நீயே பாத்து சொல்லுப்பா” என்பார். அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே இருக்கும் வக்கீல் முந்திக்கொள்வார். பதிலை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.