பாட்டியின் பெயர் இருந்த பக்கங்கள்

ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதை இன்னொருவருக்குப் பரிந்துரைக்கும்போது, அந்நூலின் தரத்துக்குச் சான்று கூறுவதோடு தாம் எந்த இடத்தில் நின்று அதைப் படித்தார் என்பதையும் தெரிவித்துவிடுகிறார். ஆயினும் மதிப்புரை என்னும் எழுத்து வகையில் முதலாவது வெளிப்படையாகப் பேசப்பட, இரண்டாவது கூச்சத்துக்குரிய செய்தியைப் போல் மறைக்கப்பட்டே வந்துள்ளது. பெண்ணியத் திறனாய்வு, அதாவது ஒரு படைப்பு பெண்ணை எவ்வாறு காட்டுகிறது என்பதையும் பெண் எழுதிய படைப்பை உலகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கும் வாசிப்பு, இந்த மறைப்பை விலக்க முயல்கிறது. விலக்கியவுடன் எழும் கேள்வி எளிதானதன்று. எழுதியவர் பெண் என்பது ஒரு நூலைப் பரிந்துரைக்கப் போதிய காரணமாகுமா?

இக்கேள்வியை ஓயவிடாமல் வைத்திருக்கும் நிகழ்வு 1910ஆம் ஆண்டு சென்னையில் நடந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற தேவதாசிக் கவிஞர் தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்துவனம்’ என்னும் காவியத்தை, தேவதாசி மரபில் வந்த பாடகியான பெங்களூர் நாகரத்தினம்மாள் தாமே பதிப்பித்து, வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். எத்தனை முறை படித்தாலும் மீண்டும் படிக்கத் தோன்றும் நூல் இது என்றும், சுவை நிறைந்த இக்காவியத்தை எழுதியவர் ஒரு பெண் என்பதோடு தம் சமூகத்திலேயே பிறந்தவர் என்றும், அதனாலேயே இதனை உரிய வடிவில் வெளியிட வேண்டும் எனத் துணிந்ததாகவும் அவர் முன்னுரையில் தெரிவித்தார். அடுத்த ஆண்டு அரசு இந்நூலை ஆபாசமானது எனக் கருதிப் படிகளைப் பறிமுதல் செய்தது. 1947இல் த. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

தடையின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. இங்கு மனத்தை விடாமல் பற்றுவது அதைவிடச் சிறிய ஒரு செய்தி. நாகரத்தினம்மாளுக்கு முன்பே, 1887இல், தெலுங்கறிஞர் சார்லஸ் பிலிப் பிரௌனோடு பணியாற்றிய வேங்கடநரசு என்ற அறிஞர் இக்காவியத்தை அச்சிட்டிருந்தார். அப்பதிப்பில் சில பாடல்கள் விடுபட்டிருந்தன. அவற்றோடு பீடிகையும் விடுபட்டிருந்தது. பீடிகை என்பது காவியம் தொடங்குமுன் கவிஞர் தம் குலத்தையும் ஆசிரியரையும் புரவலரையும் அறிமுகப்படுத்தும் முகவுரைப் பகுதியாகும். ஆண் கவிஞர்கள் தந்தை, பாட்டன் எனத் தம் வழியைச் சொல்லும் அந்த இடத்தில் முத்துப்பழனி தம் பாட்டி, அத்தை ஆகிய பெண்களின் வழியாகத் தம் புலமையின் வரலாற்றைச் சொல்லியிருந்தார். கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இவ்விடுபாடு நாகரத்தினம்மாளுக்குத் தெரியவந்தது.

காமச் சுவை மிகுந்த பாடல்களை ஒரு பதிப்பாசிரியர் நீக்கினார் என்றால் அக்காலத்து ஒழுக்க உணர்வைக் காரணம் காட்டலாம். பாட்டியின் பெயரில் ஆபாசம் ஏதுமில்லையே! காவியம் அச்சிடத் தக்கது என்று முடிவு செய்த ஒருவருக்கு, அதை எழுதியவர் எந்தப் பெண்களிடமிருந்து வந்தார் என்பது வேண்டாத செய்தியாகப் பட்டிருக்கிறது. அவர் பகைவர் அல்லர், நூலை விரும்பியவர். விரும்பி அச்சிடும்போதும் இப்படி ஒன்று நிகழக்கூடும் என்பதே இதில் உறுத்தும் பகுதி.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் வழியில், வாலாஜாபாத்தை அடுத்துள்ள நெசவூரான ஐயம்பேட்டையில் இந்த உறுத்தலுக்கு வேறொரு கனம் கூடுகிறது. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை நெசவில் உள்ளது. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமைய, அவற்றின் ஊடை நூல்களைத் தனித்தனி நாடாக்களால் செலுத்தி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒன்றோடொன்று கோத்து நெய்வதே கோர்வை. இதற்குத் தறியில் நெய்பவரோடு இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் நெடுங்காலம் வீட்டுப் பெண்ணாகவோ, வீட்டுக் குழந்தையாகவோ இருந்தார். நெசவுத் தெருக்களில் பிறந்த குழந்தைகள் பலர் எழுத்துக்கு முன் நிறத்தையும் இழையின் எண்ணிக்கையையும் கற்றதும், பள்ளிக்கூடத்தின் மணியைத் தறிக்குழியின் ஓரத்தில் இருந்தபடி கேட்டதும், இவ்வட்டாரத்தில் முதியவர்களின் பேச்சில் இன்றும் வரும் செய்திகள். பட்டு நூலை இழைப்பதும் தார் சுற்றுவதும், அதாவது ஊடை நூலை நாடாவுக்குள் வைக்கும் சிறு குழல்களில் ஏற்றுவதும், பெண்களின் வேலை. ஆறு கெஜம் முடிந்து கூட்டுறவுச் சங்கத்திலோ கடையிலோ சேலையை ஒப்படைக்கும்போது கூலி தறிக்குரியவரின் கணக்கில் ஏறும். சேலையைப் பாராட்டுபவர் எவரும் தார் சுற்றியவர் யார் என்று கேட்பதில்லை. பீடிகை இல்லாத காவியமும் இவ்வாறே வாசகரிடம் வந்து சேர்ந்தது.

முத்துப்பழனியின் நூலைக் கடுமையாகச் சாடியவர் கந்துகூரி வீரேசலிங்கம் என்பது இவ்வரலாற்றின் மற்றொரு முடிச்சு. 1881இல் ராஜமுந்திரியில் விதவை மறுமணத்தை நடத்திவைத்தவர், பெண் கல்விக்காக உழைத்தவர், தெலுங்கு நாட்டில் பெண்களின் நலனுக்காகப் போராடியவர்களில் முன்வரிசையில் வைக்கப்படுபவர் அவர். அவரே தம் கவிஞர் வரலாற்று நூலில், பெண் காதால் கேட்கவும் தகாதவை ஒரு பெண்ணின் வாயிலிருந்தே வந்துள்ளன என்ற கருத்தில் எழுதினார். நாகரத்தினம்மாளின் விடை நேரானது. நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா என்று கேட்ட அவர், இதைவிட வெளிப்படையாகக் காமத்தைப் பாடிய ஆண் கவிஞர்களின் நூல்களை வீரேசலிங்கமே ஏற்றுக்கொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். இன்று பெண்ணியத் திறனாய்வு என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் முறையின் அடிப்படைச் செயல்கள் இங்கேயே உள்ளன: விடுபட்டதைத் தேடி மீட்டல், ஒரே செயலுக்கு ஆணுக்கு ஓர் அளவும் பெண்ணுக்கு வேறோர் அளவும் வைக்கப்படுவதைக் காட்டுதல். இவற்றைச் செய்தவர் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர், கச்சேரி மேடையில் வாழ்ந்த ஒரு பாடகி.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஒரு காட்சி இங்கு வந்து நிற்கிறது. வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிய விரும்பிய மணிமேகலை, தெய்வம் அருளிய மந்திரத்தால் ஒரு மாதவனின், அதாவது ஆண் துறவியின், வடிவத்தை எடுத்துக்கொண்டே அவர்களை அணுகுகிறாள். பெண் வடிவில் சென்றால் இளம்பெண் என்று தள்ளிவிடுவார்கள் என்பது காப்பியத்துக்கே தெரிந்திருக்கிறது. அதை இயற்றிய சாத்தனார் ஆண் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. பின்னர்க் காஞ்சிக்கு வந்து, பஞ்சத்தில் வாடியவர்களுக்கு அமுதசுரபியால் உணவளித்து, அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். வஞ்சியில் அவள் எடுத்த வடிவத்தையே பிற்காலத்து மதிப்புரையாளர் பலரும் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. பெண் ஒருவர் நூலை மதிப்பிடும்போதும் ‘வாசகன்’ என்று படர்க்கையில், ஆணுக்குரிய விகுதியில் எழுதுவது நெடுங்காலம் நடுநிலைமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. நாகரத்தினம்மாள் அந்த மாற்றுருவை எடுத்துக்கொள்ளாமல், தம் சமூகத்துப் பெண் எழுதியது என்று முன்னுரையில் எழுதினார். அந்த நேர்மைக்கு ஈடான மதிப்புரைகள் தமிழில் அதிகம் இல்லை.

அதற்குப் பின் வந்தவை விரைவாகச் சொல்லத் தக்கவை. 1925 முதல் வை. மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவர் தொடக்கத்தில் எழுதப் பழகாதவராய், வாயால் சொல்லத் தோழி ஒருவர் எழுதித் தந்தார். 1984இல் அம்பை, சி. எஸ். லட்சுமி என்ற இயற்பெயரில், தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றிய ஆய்வு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ஈழத்துப் பெண் கவிஞர்களின் கவிதைகளைச் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெயரில் தொகுத்தது. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது, கவிதைகளைப் படிக்குமுன்னரே தலைப்புக்காகக் கண்டனங்கள் எழுந்தன. வீரேசலிங்கம் நூலையாவது படித்திருந்தார்.

இத்தகைய நூல்கள் ஐயம்பேட்டை போன்ற ஊரின் வாசகியிடம் எவ்வழியில் சேர்கின்றன என்பதையும் கருத வேண்டும். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே இத்துறையில் முன்னோடியானது. சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கப்பட்டு, அத்தொகையில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடக்கின்றன. ஊர்ப்புற நூலகத்தின் அலமாரியில் எந்தப் புதிய நூல் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பதிப்பாளர்கள் ‘நூலக ஆணை’ என்று சொல்லும் அரசுக் கொள்முதல். நகரத்து இதழில் வரும் மதிப்புரை அங்கு எட்டினாலும் நூல் எட்டுவது அரிது. எனவே இங்கு பரிந்துரை என்பது பெரும்பாலும் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வாய்மொழியாகச் சொல்வதே; படித்த நூலைக் கைமாற்றிக் கொடுப்பதே.

எழுதியவர் பெண், அதிலும் நம்மவர் என்ற காரணத்தை முழுமனத்தோடு ஏற்றுக்கொள்வதற்குத் தடையாக நிற்கும் ஒரு நூலும் உண்டு. தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து, அம்முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். நாகரத்தினம்மாள் தேவதாசி ஒழிப்பை எதிர்த்தவர். இராமாமிர்தம் அம்மையார் அதற்காகவே வாழ்ந்தவர். இருவரும் பெண்கள், இருவரும் ஒரே சமூகப் பின்னணியினர். முத்துப்பழனி தம் பாட்டியின் பெயரால் பெருமை கொண்ட அதே வாழ்முறையை இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் பெண்களை விழுங்கும் வலையாகக் காட்டுகிறது. ராதிகா சாந்துவனத்தின் மீதான தடை நீங்கிய 1947ஆம் ஆண்டிலேயே கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்ற இசைக் கலைஞர்களைத் தந்த இவ்வட்டாரத்தில், இவ்விரு நூல்களில் எதை ஓர் இளம் வாசகியின் கையில் முதலில் கொடுப்பது என்பதற்கு ‘பெண் எழுதியது’ என்ற அளவுகோல் விடை தராது. இரண்டையும் கொடுக்கலாம் என்பது சரியான விடைதான். ஆனால் அது பரிந்துரைப்பவரின் பொறுப்பை வாசகியின் தோளில் இறக்கிவைக்கும் விடையும் ஆகும்.

காவியத்தின் உள்ளே சென்றால் ஐயம் இன்னும் வளர்கிறது. ராதை தானே வளர்த்த இளா என்ற இளம்பெண்ணைக் கண்ணனுக்கு மணம் செய்து கொடுக்கிறாள், முதலிரவுக்கு அவளை ஆயத்தப்படுத்துகிறாள், பின்பு பிரிவும் பொறாமையும் தாளாமல் வருந்துகிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துவதே நூலின் பெயருக்குப் பொருள். வயதில் மூத்த பெண்ணின் வேட்கையைத் தயக்கமின்றிப் பாடியது என்று இதைப் போற்றுவது முறையே. அதே நேரத்தில், பெரியவர்கள் இருவரின் உறவுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட இளாவின் விருப்பத்தைக் கேட்டவர் யார் என்று இன்றைய வாசகி வினவினால், அவ்வினாவை அக்கால அவை வழக்கம் என்று சொல்லி ஒதுக்க இயலாது. இளாவுக்காகக் கேட்பதும் பெண்ணிய வாசிப்பு. முத்துப்பழனிக்காக வாதாடுவதும் பெண்ணிய வாசிப்பு. இவ்விரண்டும் ஒரே மதிப்புரையில் எவ்வாறு இணங்கும் என்பதற்கு இக்கட்டுரையில் தீர்வு இல்லை. எழுதியவர் பெண் என்பது தேடிப் படிப்பதற்குப் போதிய காரணம் என்பது வரை உறுதியாகக் கூறலாம், பாராட்டுவதற்கும் அதுவே போதுமா என்பது உறுதியில்லை.

ஆயினும் வெட்டப்பட்ட பதிப்பை வைத்து எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புக் கூற முடியாது என்பது மட்டும் தெளிவு. ஆதலால் பெண்கள் எழுதிய நூல்களைப் பரிந்துரைப்போர் எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். படிக்கும் பெண்களோ, தமக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் எவருடைய விகுதியையும் கடன் வாங்காமல் தம் பெயரிட்டு எழுத வேண்டும்.