கையா, கருவியா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரு பழமொழி. ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்று இன்னொன்று. இரண்டும் ஒரே கட்சி. கருவியின் தரப்பைப் பேச நம் பெரியவர்கள் ஒரு வக்கீலைக்கூட வைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வக்காலத்தை இன்று கொஞ்ச நேரம் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மந்தைவெளியில் இருக்கும் நண்பர் ஒருவருடைய மகன் ஏர் பிஸ்டல் பழகுகிறான். பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கி சரியில்லை, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று பிடிவாதம். நல்ல துப்பாக்கியின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. “குறி கையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, சொல்லுங்கள் ஸார்” என்றார் நண்பர். சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது வெறும் வேதாந்தக் கேள்வி அல்ல.

இந்த விளையாட்டில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். துப்பாக்கியின் முன்குறியும் பின்குறியும் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போதும், குண்டு இலக்கில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் விலகிவிடும். பத்து போய் ஏழு வரும். இயந்திரப் பிடியில் பொருத்திச் சுட்டால், நல்ல துப்பாக்கி குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே துளைக்குள் செலுத்தும். அப்படிச் சுட்டுப் பார்த்த அட்டையைத் துப்பாக்கியோடு சேர்த்தே அனுப்பும் தயாரிப்பாளர்கள் உண்டு. அந்த அட்டை சொல்வது இவ்வளவுதான்: ‘இனி விலகுவதெல்லாம் உன்னுடையது.’

2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்று சுட்டார். கலப்பு இரட்டையரில் அவர் அணிக்கு வெள்ளி கிடைத்தது. வயது 51. ‘கருவி எதற்கு? கை போதும்!’ என்று உலகமே கொண்டாடியது. ஆனால் அவர் பிடித்திருந்தது திருவிழாக் கடைத் துப்பாக்கி அல்ல. மற்றவர்களுடையதைப் போன்ற முதல்தரப் போட்டித் துப்பாக்கி. தங்கம் வென்ற செர்பிய அணியின் டாமிர் மிகெச்சோ கண்ணில் விசேஷக் கண்ணாடி மாட்டியிருந்தார். அவர்கள் வென்றது 16–14 என்ற கணக்கில். இதை யாரும் கொண்டாடவில்லை. கை வென்றது என்ற கதைதான் நமக்கு இனிக்கிறது.

2021ல் டோக்கியோவில் மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கி நடுவில் பழுதாயிற்று. 60 குண்டுகளுக்கு மொத்தம் 75 நிமிஷம். பழுது பார்ப்பதிலேயே பல நிமிஷங்கள் கரைந்தன. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று தவறியது. அந்தப் பெண்ணிடம் போய், ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், அம்மா’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அதே கை வெண்கலம் வென்றது.

ஸ்ருதி சேராத வீணையை மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் சபாவில் எந்த வித்வானும் கச்சேரியைத் தொடங்கமாட்டார். ஸ்ருதி சேர்ந்துவிட்டது என்பதற்காக வீணை தானாகவும் வாசித்துவிடாது. கருவிக்கு நாம் செய்ய வேண்டிய கடமைக்கு ஓர் எல்லை உண்டு. அது பொய் சொல்லாதிருக்க வேண்டும்; அவ்வளவுதான். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஏழைப் பையனுக்குத் திறமையைப் பற்றி உபதேசம் செய்வது கொடுமை. அந்தப் பக்கம் போன பிறகும் கடை கடையாக ஏறி இறங்குவது, தன்னிடமிருந்தே தப்பியோடுவது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: “பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியை அசையாமல் பொருத்திச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டுகள் சிதறினால் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுங்கள். ஒரே இடத்தில் போனால், அந்த அட்டையைப் பையன் அறையில் மாட்டுங்கள். குண்டு போடாமல் வெள்ளைச் சுவரைக் குறிபார்த்து விசையை அழுத்திப் பழகுவது, பெரிய வீரர்களும் தினம் செய்கிற பயிற்சி. அதற்குக் காசு வேண்டாம்.”

கண்ணன் மறைந்த பிறகு, துவாரகைப் பெண்களை அழைத்து வந்த அர்ஜுனனை வழியில் கொள்ளைக்கூட்டம் மடக்கியது. காண்டீபம் கையில்தான் இருந்தது. அதே வில், ஆனால் அதை நாணேற்றவே அவன் திணறினான். அன்று அவன் வில்லைக் குறை சொல்லவில்லை. அதனால்தான், தோற்ற அன்றும் அவன் வீரன்.