பகைவனாக நடித்தல்: ஓர் அறநெறி வினா

பகைவனைப் போல நடிப்பவன் யாருக்கு உண்மையாக நடந்துகொள்கிறான்? நாடக மேடைக்குரியதாகத் தோன்றும் இவ்வினா, கடந்த நூற்றாண்டின் போர்க்கலையில் மிகக் கூர்மையான வடிவம் பெற்றது.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க விமானிகள், தம் விமானங்களிலும் சிறியனவும் விரைந்து திரும்பவல்லனவுமான மிக்-17, மிக்-21 விமானங்களால் எதிர்பாராத இழப்புகளுக்கு உள்ளாயினர். அதுவரை அவர்கள் பெரும்பாலும் தம்முடையவற்றை ஒத்த விமானங்களுடனேயே பொருதிப் பயின்றிருந்தனர். இக்குறையை உணர்ந்த கடற்படை, 1969 இல் கலிபோர்ணியாவின் மிரமார் தளத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவியது. அங்கு ஏ-4 ஸ்கைஹோக் விமானம் மிக்-17 இன் பாத்திரத்தை ஏற்றது. வான்படையோ 1972 இல் நெவாடாவின் நெலிஸ் தளத்தில் இதற்கெனவே தனி அணியொன்றை அமைத்தது. அவ்வணியின் ரி-38 விமானங்களும் பின்னர் எவ்-5 விமானங்களும் சோவியத் போர்முறையைப் பின்பற்றிப் பறந்தன. 1980களில் உண்மையான மிக் விமானங்களே நெவாடாப் பாலைவனத்தில் இரகசியமாக இப்பயிற்சிக்குப் பயன்பட்டன. இது 2006 இலேயே பகிரங்கமாயிற்று.

இவ்வாறு நடிப்பவனுக்கு இரு பொய்கள் விலக்கப்பட்டுள்ளன. வெல்லக்கூடிய இடத்தில் விட்டுக்கொடுப்பது ஒன்று. பகைவன் செய்யாததைச் செய்து வெல்வது மற்றையது. முன்னையது மாணவனை ஏமாற்றும். பின்னையது பகைவனைத் திரிக்கும். ஆகவே, பகைவனின் இயல்பை உள்ளவாறு காட்டுவதனாலேயே அவன் தன் தோழனுக்கு உண்மையாகிறான்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பரபக்கத்தை முன்வைத்த பின்னரே சுபக்கத்தை நிறுவினார். மாற்றார் கூற்றை முதலில் எடுத்துரையாது அதனை மறுப்பது வாதமாகாது.

எனினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பரபக்கம் மாற்றானின் நியாயங்களை உரைப்பது. வானில் நடிப்பவனோ அவனது அசைவுகளை மட்டுமே காட்டுகிறான். பகைவன் எவ்வாறு திரும்புவான் என்பது தெரிகிறது. அவன் எதன்பொருட்டுப் பறக்கிறான் என்பது தெரிவதில்லை. உயிர்தப்ப முயலும் விமானிக்கு அவ்வினா வேண்டியதில்லை எனலாம். அது ஏற்கத்தக்கதே. ஆனால் அவனைப் போருக்கு அனுப்புவோர்க்கும், அவர்களைத் தெரிவுசெய்யும் மக்களுக்கும் அவ்விலக்கு இல்லை.

அந்த யுத்தத்தை நடத்தியவர்களுள் ஒருவரான பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா, 1995 இல் வெளியிட்ட நினைவு நூலில், வியட்நாமியரின் தேசிய உணர்வைத் தாம் குறைவாக மதிப்பிட்டதையும் அவர்தம் வரலாற்றை அறியாதிருந்ததையும் ஒப்புக்கொண்டார். விமானிகளின் அறியாமையைப் போக்க யுத்தம் முடியுமுன்னரே பள்ளி திறக்கப்பட்டது. ஆட்சியாளரின் அறியாமை வெளிப்படவோ யுத்தம் முடிந்து இருபது ஆண்டுகள் சென்றன. பகைவனை வீழ்த்துவதற்காக அவனை அறிய இத்துணை முயலும் மனிதன், அவனோடு பகைமை வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதற்காக அவனை அறிய ஏன் முயல்வதில்லை? பல்கலைக்கழகங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.